ஆலிஸ் வூ படத்தை வீட்டோட உக்காந்து பார்த்தவங்க அனுபவம்

குவீன்ஸ்காரி:
சீன-அமெரிக்க இயக்குநர் ஆலிஸ் வூவோட 'சேவிங் ஃபேஸ்', ஒரு சீனக் குடும்பத்து டாக்டர் பொண்ணும் அவ அம்மாவும்தான் கதை. நேரா விஷயத்துக்கு வர்றேன். அம்மா ஊர்லேருந்து வந்திருந்தாங்க. படம் நியூயார்க் ஃப்ளஷிங்ல நடக்குது, நாம போற பிள்ளையார் கோயில் ஏரியாதான்னு சொல்லி உக்கார வெச்சேன். படத்துல நிறைய மாண்டரின், அதான் சீன மொழி. அம்மாவுக்கு சப்டைட்டில் ஓடாது. சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டே "என்னடி சொல்றா?"ம்பாங்க, நான் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன். 48 வயசு விதவைத் தாய் கர்ப்பம்னதும் "அடக் கண்றாவியே"ன்னு ஒரே சிரிப்பு. அப்புறம் அந்த இடம். டாக்டர் பொண்ணு தனக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்கும்னு தாய்கிட்ட உடைச்சுச் சொல்லுதே, அது.
"என்னடி சொல்றா?"
"டூட்டி நேரம் மாத்திட்டாங்களாம்."
கத்தி நின்னுச்சு. "அதுக்கா அந்தம்மா மூஞ்சி இப்படிப் போவுது?"
நான் தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போயிட்டேன்.

ரயில்பூச்சி:
2020 மே, ஊரடங்கு, வூவோட அடுத்த படம் 'தி ஹாஃப் ஆஃப் இட்'. அதுல எல்லின்னு ஒரு பொண்ணு, அவ வீட்ல ஒரு இந்திப் படம் ஓடும், ரயில் பின்னாடி ஒருத்தன் ஓடுவான், அவ கிண்டல் பண்ணுவா. கடைசியில பால்ங்கிற அவ ஃப்ரெண்டு அவ ரயிலோடயே ஓடறப்ப எங்கப்பா கண்ணாடியக் கழட்டித் துடைச்சார். "இந்தப் பையனைக் கட்டிக்க மாட்டாளா?" "அவளுக்கு ஆஸ்டரைத்தான்பா பிடிக்கும்." "அதுவும் பொண்ணுல்ல?" "ஆமா." மறுபடி கண்ணாடியத் துடைச்சார். அது பளிச்சுன்னுதான் இருந்துச்சு.

பழைய கோடர்:
குவீன்ஸ்காரி, பொய் சொன்னது தப்புங்க. படத்துப் பேரே மானத்தைக் காப்பாத்திக்கிறதுதான், அதைப் பார்த்துக்கிட்டே நீங்களும் அதையே பண்ணியிருக்கீங்க. நான் தனியாத்தான் பார்த்தேன், சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா வூவைப் பாருங்க. மைக்ரோசாஃப்ட் வேலையை விட்டுட்டு, அஞ்சு வருஷம்னு கெடு வெச்சு 2004-ல படத்தைக் கொண்டுவந்தாங்க. பாத்திரங்களை வெள்ளைக்காரங்களா மாத்தச் சொன்னவங்களுக்கு மசியல. நடுவுல அவங்க அம்மாவுக்கு உடம்பு முடியாமப் போய், அடுத்த படமான 'தி ஹாஃப் ஆஃப் இட்' வர 16 வருஷம். அதை எழுத உக்காந்தப்ப, தனக்கு ஆகவே ஆகாத NRA-ங்கிற, துப்பாக்கி உரிமைக்காகப் பேசுற அமெரிக்கச் சங்கத்து பேர்ல ஆயிரம் டாலர் செக் எழுதி ஃப்ரெண்டுகிட்ட குடுத்தாங்க. அஞ்சு வாரத்துல முதல் டிராஃப்ட் வரலைன்னா அனுப்பிடுன்னு. நீங்களும் பிடிக்காத கட்சிக்கு ஒரு செக் எழுதி வெச்சுட்டு, அம்மாகிட்ட பேசத் தேதி குறிங்க.

ரயில்பூச்சி:
யார் கேட்டா சார் உங்ககிட்ட யோசனை? திரைக்கதையும் பெத்தவளும் ஒண்ணா?

குவீன்ஸ்காரி:
விடுங்க, சண்டை வேணாம். போன வாரம் அம்மா போன்ல, "அந்த டாக்டர் பொண்ணு படம், அது பேரு என்னடி?"ன்னாங்க. சொன்னேன். எழுத்தெழுத்தாக் கேட்டு எழுதிக்கிட்டாங்க.