புதுப்பிப்பு: மோட்டர் ஓடத் தொடங்கியதும் ஆர்டுயினோ ரீசெட் ஆன பிரச்சினை தீர்ந்தது

பதில் போட்ட எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கோட்டைப் பின்தொடரும் எங்கள் போட்டி ரோபோவில், மோட்டர் இரண்டும் ஒன்றாகக் கிளம்பினால் அதை இயக்கும் சிறு கணினிப் பலகையான ஆர்டுயினோ ஊனோ ரீசெட் ஆகிறது (நின்று முதலிலிருந்து தொடங்குகிறது) என்று கேட்டிருந்தேன்.

மோட்டர் முனைகளில் 0.1 மைக்ரோஃபாரட் கொண்டென்சர் போட்டதில் சென்சர் அளவீடு அமைதியானது, ஆனால் ரீசெட் நிற்கவில்லை. அதை நிறுத்தியது, ஆர்டுயினோவுக்குத் தனி பற்றரி கொடுத்து கிரவுண்டை (மைனஸ் இணைப்பை) மட்டும் பொதுவாக இணைக்கச் சொன்ன அண்ணாவின் யோசனைதான். நாங்கள் பாவித்த எல்298என் போர்டில் (மோட்டரை ஓட்டும் டிரைவர்) உள்ள 5 வோல்ட் ரெகுலேட்டருக்கு உள்ளே ஏறத்தாழ 7 வோல்ட் வேண்டும், எங்களுடையது 7.4 வோல்ட் பற்றரி, மோட்டர் கிளம்பும் நொடியில் இழுக்கிற மின்னோட்டத்தில் அது கீழே இறங்கிவிடுகிறது, அப்புறம் ஆர்டுயினோவுக்கு 5 வோல்ட் எங்கே கிடைக்கும்? கிரவுண்டை இணைக்காமல் விட்டால் மோட்டர் கட்டளைகள் ஒழுங்காகப் போகாது, கவனம்.

டிரைவரையும் டிபி6612 ஆக மாற்றினோம், கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் கிடைத்தது. எல்298என் தனக்குள்ளேயே 2 வோல்ட் அளவில் தின்றுவிடும், இதில் இழப்பு மிகக் குறைவு, வேகம் கூடியது கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் தொடர்ந்து 1.2 ஆம்பியர்தான் தாங்கும், பெரிய மோட்டருக்குச் சரிவராது.

எதிர்பாராத ஒன்று: வேகம் கூடியதால் பழைய பிஐடி எண்கள் (கோட்டிலிருந்து விலகினால் எவ்வளவு திருப்புவது என்று தீர்மானிப்பவை) வளைவுகளில் ஆட்டம் காட்டின, அவற்றில் கேபி (விலகலுக்கு ஏற்ற திருத்தம்), கேடி (விலகல் மாறும் வேகத்துக்கு ஏற்ற திருத்தம்) இரண்டையும் திரும்ப ட்யூன் பண்ண வேண்டி வந்தது.