சஸ்டெயினபிலிட்டி, பெர்பார்மன்ஸ்: தமிழில் என்ன போடலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

முதுகலை வணிகவியல் பாடநூலில் ஓர் இயலை மொழிபெயர்க்கிறேன். தனியார் நிறுவனங்கள் சஸ்டெயினபிலிட்டி இலக்குகளை (சூழலையும் சமூகத்தையும் கெடுக்காமல் தொழில் நடத்தும் இலக்குகளை) ஏன் ஏற்கின்றன, ஏற்றபின் அவற்றின் பெர்பார்மன்ஸ் என்ன ஆகிறது என்பதே பேச்சு. வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குத் தர வேண்டும். இதுவரை ‘நிலைத்தன்மை இலக்குகள்’, ‘செயல்திறன்’ என்று போட்டு வந்தேன். வகுப்பில் வாசித்துக் காட்டியபோது, நிறுவனம் நொடிக்காமல் தாக்குப்பிடிப்பதைத்தான் சொல்கிறேன் என்று மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். காற்றோ நீரோ தொழிலாளர் நலனோ யார் நினைவுக்கும் வரவில்லை. வேறு சொல் வேண்டும்.

———

மறுமொழி:

பேண்தகைமை. ‘நிலைத்தல்’ செயப்படுபொருள் குன்றிய வினை. நிறுவனம் தான் நிலைத்தால் போதும் என்று நின்றுவிடும். ‘பேணுதல்’ குன்றா வினை. எதைப் பேணுகிறாய் என்ற கேள்வி கூடவே வரும். வளர்ச்சியையும் சூழலையும் பற்றிய 1987 ஐ.நா. ஆணையத்தின் புருண்ட்லாந்து அறிக்கை கேட்பதும் அதுதானே? வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் செய்யாமல் இன்றைய தேவையை நிறைவேற்றச் சொல்கிறது.

———

மறுமொழி:

> பேண்தகைமை

‘பேணத்தகு’ என்றல்லவா வர வேண்டும்? வினைப்பகுதியோடு நேரே ‘தகு’ ஒட்டுமா?

———

மறுமொழி:

ஒட்டும் ஐயா. “செய்தக்க அல்ல செயக்கெடும்” என்று வள்ளுவரே ஒட்டியிருக்கிறார்.

———

மறுமொழி:

சரி, இலக்கணத்தை விட்டுவிடுகிறேன். பொருள்? பேணத் தகுந்தது காடு, ஆறு. வளர்ச்சி எப்படிப் பேணத் தகுந்ததாகும்? ‘வளங்குன்றாமை’ என்றால் குழப்பமே இல்லை. இன்னும் பின்னால் போனால் புறநானூறு 184. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு மா அளவுக்கும் குறைந்த நிலமும் யானைக்குப் “பன்னாட்கு ஆகும்”. யானை தானே வயலில் புகுந்தால் “வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்”. ஈட்டும் லாபத்தைவிடச் சூழலுக்குச் செய்யும் கேடு பெரிதாக இருக்கும் நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரி எங்கே கிடைக்கும்? அதிலிருந்து ‘பன்னாளாக்கம்’ என்றே ஆக்கலாம். ஆங்கிலத்தின் வால் பிடிக்கத் தேவையில்லை.

———

மறுமொழி:

பாட்டு அருமை. ஆனால் ‘பன்னாளாக்கம்’ என்று அட்டவணையில் பார்க்கும் மாணவருக்கு ஒன்றும் புரியாது. ‘வளங்குன்றாமை’ குறுகல். 2015இல் ஐ.நா. வகுத்த 17 இலக்குகளில் பாலினச் சமத்துவம் உண்டு, கண்ணியமான வேலை உண்டு. அவற்றை ‘வளம்’ என்ற சொல்லுக்குள் அடைக்க முடியாது. ஒரு செய்தி: ஜெர்மன் மொழியில் இந்தக் கருத்தை 1713இல் எழுதிவைத்த கார்லோவிட்ஸ் சுரங்க நிர்வாகி. சுரங்கத்துக்கும் உருக்காலைக்கும் மரம் தீர்ந்துபோகும் என்ற கவலைதான் காரணம். ஆக, தொழில் நடத்தும் கவலையும் காட்டின் கவலையும் முதலிலேயே பிணைந்தவை.

இலங்கையில் நாங்கள் ‘நிலைபேறான அபிவிருத்தி’ என்றே படித்தோம். நிலைபேறு என்று வைத்தால் என்ன?

———

மறுமொழி:

எல்லோரும் முதற்சொல்லிலேயே நிற்கிறீர்கள். எனக்குப் பெரிய கவலை இரண்டாம் சொல். ‘செயல்திறன்’ என்றால் எஃபிஷியன்சி என்று பொறியியலார் எடுத்துக்கொள்வார்கள். இங்கே அளப்பது சொத்து மீதான ஈட்டம், பங்கு விலை, கடன் வட்டி போன்ற விளைவுகளை. 2015இல் ஃப்ரீட, புஷ், பாசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இது பற்றிய 2,000க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தார்கள். சுமார் 90 விழுக்காட்டு ஆய்வுகளில் இத்தகைய இலக்குகளுக்கும் நிதி விளைவுக்கும் இடையே எதிர்மறைத் தொடர்பு இல்லை என்று கண்டார்கள். இதில் தொடர்பே தெரியாத ஆய்வுகளும் அடக்கம். தவிர, கையில் பணம் புரளும் நிறுவனம்தான் இந்த இலக்குகளுக்குச் செலவழிக்கிறதோ என்ற ஐயமும் இருக்கிறது. இதைப் போய் ‘செயல்திறன் உயர்கிறது’ என்று மொழிபெயர்த்தால், ஆய்வாளர்கள் சொல்லாததை மாணவர்கள் தலையில் ஏற்றுகிறோம். இலங்கைத் தேர்வு வழக்கிலிருந்து ‘பெறுபேறு’ என்பதை எடுங்கள். நிதிப் பெறுபேறு ஒரு பக்கம், பேண்தகைமைப் பெறுபேறு ஒரு பக்கம். இரண்டும் தனித்தனியே தெரியும்.

———

முதல் மடலிட்டவர்:

நன்றி. பெரும்பாலோர் பக்கமே போகிறேன்: பேண்தகைமை, பெறுபேறு. பிறைக்குறிக்குள் ‘நிலைபேறு’ வரும். புறநானூற்றுப் பாட்டு இயலின் தலைப்பில்.

———

மறுமொழி:

பாட்டுக்கு நன்றி. ‘பேண்தகைமை’யை நான் இன்னும் ஏற்கவில்லை. அப்புறம், மெட்டீரியாலிட்டிக்கு (முடிவை மாற்றும் அளவுக்கு ஒரு தகவல் முக்கியமா என்பதற்கு) என்ன போட்டிருக்கிறீர்கள்? ‘பொருண்மை’ என்றால் தனி இழை தொடங்குகிறேன்.