புதுப்பிப்பு: மேசை போனில் அணையாத சிவப்பு விளக்கு

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: கோத்தகிரியில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்துக்கு வந்த புது மேசை போனில் மேல் ஓரத்துச் சிவப்பு விளக்கு அணையவே இல்லையே, கோளாறா என்று. கோளாறு இல்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அது வாய்ஸ்மெயில் விளக்கு, அதாவது நாம் போனை எடுக்காதபோது அழைத்தவர் பதிந்து வைத்த குரல் செய்தி இருக்கிறது என்று காட்டுவது. கடித உறை படம் போட்ட பொத்தானை அழுத்தி ரகசிய எண்ணைப் போட்டேன், ஒன்பது செய்திகள்! கேட்காத செய்தி ஒன்று மிச்சமிருந்தாலும் விளக்கு எரியும். நான் முதலில் இரண்டை மட்டும் கேட்டுவிட்டு வைத்திருந்தேன். பிறகு மீதியையும் கேட்டேன், அதில் பெரும்பாலும் பறித்த தேயிலையை ஏற்ற வரும் எங்கள் வண்டியை எதிர்பார்த்துக் கட்டபெட்டு பக்கத்து விவசாயிகள் பேசியது. "அண்ணா, மழை வருது, சாக்கு ரோட்டோரம் கிடக்கு" என்று ஒருவர். சாக்கில் அடைத்த இலை சூடேறினால் சிவந்துவிடும், விலை போகாது. மனசு கேட்கவில்லை, அன்றைக்கே எல்லோரையும் திரும்ப அழைத்துப் பேசினேன்.

அப்புறம் லைன் பொத்தான். எங்கள் போனில் பேசும்போது பச்சை நிலையாக எரிகிறது, ஹோல்டில் போட்டால் மினுக்குகிறது. மினுக்கும் பொத்தானையே அழுத்தினால் காத்திருப்பவர் திரும்பக் கிடைப்பார். அழைப்பை இன்னொருவருக்கு மாற்ற, டிரான்ஸ்ஃபர் பொத்தானை அழுத்தி உள் எண்ணைப் போட்டு, எடுத்தவரிடம் யார் பேசுகிறார் என்று சொல்லிவிட்டு மறுபடி அதையே அழுத்த வேண்டும்.

இன்னொன்று. பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக 48 வோல்ட் வரும், கரண்ட் போனாலும் பேசலாம். இது நெட்வொர்க் போன், கரண்ட் போனால் நின்றுவிடும். அதனால் மழைக்காலத்துக்கு முன், போன்களை நெட்வொர்க்கில் இணைக்கும் சுவிட்ச் பெட்டியையும் ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.