புஞ்சை நிலத்தில் லேத் பட்டறை: நில உபயோக மாற்றம் எப்படிப் பெறுவது?

கேள்வி:
கோவை கணபதியில் வாடகைக் கட்டடத்தில் லேத் பட்டறை நடத்தி, பம்ப்செட் உதிரிபாகங்கள் கடைந்து தருகிறேன். வாடகை கட்டுப்படியாகாததால், அன்னூர் பக்கம் மனைவி வழியில் வந்த புஞ்சை நிலத்துக்கு ஐந்து இயந்திரங்களுடன் மாற விரும்புகிறேன். ஊராட்சித் தலைவரின் கடிதமே போதும் என்கிறார் தரகர். அது சரியா?

பதில் 1:
போதாது ஐயா. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, உங்கள் சர்வே எண் முழுமைத் திட்ட (ஒரு பகுதியின் நிலங்கள் எதற்குப் பயன்பட வேண்டும் என்று வகுத்த அரசு வரைவு, மாஸ்டர் பிளான்) எல்லைக்குள் விவசாய உபயோகமாகக் காட்டப்பட்டிருந்தால், அதைத் தொழிற்சாலை உபயோகமாக மாற்ற நகர் ஊரமைப்பு அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லைக்கு வெளியே இருந்தாலும் விளைநிலத்தை மாற்ற அனுமதி தேவை. பட்டா, அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு), புலப்படம் (நில அளவை வரைபடம்), வில்லங்கச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டுமா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னாளில் மின்முலாம் பூசும் வேலையைச் சேர்த்தால் அதிக மாசு தரும் தொழில்களுக்கான சிவப்பு வகைக்குள் போய்விடுவீர்கள் என்பதால், அந்த எண்ணம் இருந்தால் இப்போதே முடிவெடுங்கள்.

பதில் 2:
காகிதங்களை மட்டும் பார்த்தால் போதாது. எங்கள் தோட்டத்துக்கு அடுத்து வந்த ஒரு பட்டறையில் கூலண்ட் எண்ணெயை (கடையும்போது சூடு தணிக்க ஊற்றுவது) வெறும் மண்ணில் கொட்டினார்கள். மழைக்குப் பின் எங்கள் கிணற்று நீரில் எண்ணெய்ப்படலம் மிதந்ததை நானே வாளியில் அள்ளிப் பார்த்தேன். இயந்திரங்களின் அடியில் சிமெண்ட் தளமும் எண்ணெய்த் தொட்டியும் அமைப்பதாக வரைபடத்திலேயே காட்டுங்கள். வண்டித்தடம் பொதுப்பாதையா, யாருடைய பட்டாவிலாவது வருகிறதா என்பதையும் விண்ணப்பிக்கும் முன்பே அளந்து பார்த்துவிடுங்கள்.