லாரன்ஸ் ரோடு பாய் கடையில் பாட்டு பதிவு செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

போன வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் பரணை ஒழித்தபோது ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட் கிடைத்தது. நாற்பதுக்கு மேல் இருக்கும், பாதிக்குப் பூஞ்சை. ஒவ்வொரு அட்டையிலும் பச்சை மையில் வலப்பக்கம் சாய்ந்த எழுத்தில் பாட்டுப் பட்டியல். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் இருந்த பாய் கடை. பெயர் வேண்டாம், குடும்பம் இன்னும் ஊரில்தான் இருக்கிறது. பழைய கடலூர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

நான் ஒன்பதாவது படித்தபோது முதல்முறை போனேன், 1986 இருக்கும். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். பாய் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, ரெக்கார்டை எடுத்துப் பார்க்காமலே, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் நிமிடம் போடுவார். நாலே கால், மூணே முக்கால், இது நீளம் தம்பி அஞ்சரை. 60 நிமிட கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30. கூட்டிப் பார்த்துவிட்டு, "ஏ சைடுல ஏழு நிக்கும், எட்டாவது தொங்கும், எதை எடுக்கலாம் சொல்லு" என்பார். எதை எடுப்பது என்று கடை வாசலில் நின்று நானும் என் சிநேகிதனும் சண்டை போட்டிருக்கிறோம். 90 கேட்டால் மட்டும் முகத்தைச் சுளிப்பார். "டேப் மெல்லிசு, வெயில்ல சுருங்கி செட்டு தின்னுடும், அப்புறம் என்கிட்டதான் வருவ." அதுவும் நடந்தது. வீட்டு டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த செட்) சிக்கிய நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றிச் சுற்றி அப்பாவிடம் அடி வாங்கியதுதான் மிச்சம்.

சரி, இதெல்லாம் திருட்டுப் பதிவு, மறுக்கவில்லை. 1984இல் காப்பிரைட் சட்டத்தைக் கடுமையாக்கியிருந்தார்கள், ரெய்டு வருகிறது என்று காற்றில் ஒரு பேச்சு வந்தாலே பாட்டுப் பட்டியல் பலகை உள்ளே போய்விடும். எச்.எம்.வி., எக்கோ, சங்கீதா கம்பெனி கேசட்டுகள் கண்ணாடிக்குள் அழகாக முன்னால் வந்து நிற்கும்.

ஆனால் பாட்டு மட்டும் விற்ற கடை இல்லை அது. கோயில்களுக்கு ரேடியோ செட் கட்டும் சவுண்டு சர்வீஸ்காரர்கள் ஆஹுஜா ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஸ்பீக்கரும் அங்கேதான் எடுப்பார்கள். ஆடி மாதத்திலும், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சாமிகள் வரும் வாரத்திலும் கடைக்குள் நிற்க இடம் கிடைக்காது. 1982 டெல்லி ஏசியாட்டை (ஆசிய விளையாட்டுப் போட்டி) ஒட்டிக் கலர் டிவி வந்ததும் டயனோராவும் சாலிடேரும் ஷோகேஸில் ஏறின. மொட்டை மாடியில் ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்குக் கம்பம் நட்டு, சென்னையைப் பார்த்து ஆன்டெனா திருப்பி, பூஸ்டர் போட்டு, "இப்போ தெரியுதா, இப்போ தெரியுதா" என்று பாய் மேலேயிருந்து கத்துவார், கீழே தெருவே நின்று "தெரியலை பாய்" என்று பதில் கத்தும்.

எம்பி3 வந்தது, கேசட் ஒழிந்தது, கடையும் ஒழிந்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டை நம்பியிருந்த வரைக்கும் அந்தக் கடை அசையவில்லை. டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று பெரிதாகப் போனதும்தான் சரிந்தது, ஏனென்றால் இருபது சொச்சம் கிலோமீட்டரில் பாண்டிச்சேரி இருந்தது. அங்கே விற்பனை வரி குறைவு. நம் ஆட்கள் பாய் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, டீ குடித்து, நாலு டிவியைப் போட்டுப் பார்த்து, மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நேரு வீதிக்குப் போவார்கள். என் அப்பாவும் அப்படித்தான் செய்தார், அதனால் எனக்குப் பேச யோக்கியதை இல்லை.

இன்னொரு விஷயம். பக்கம் முடிய ஒரு நிமிடம், அரை நிமிடம் மிச்சமிருந்தால் பாய் அதைக் காலியாக விடமாட்டார், கிட்டாரில் ஒரு பிட்டு போட்டு நிரப்பிவிடுவார். என் கேசட் எல்லாவற்றிலும் அதே பிட்டு. உங்கள் கேசட்டிலும் இருக்கிறதா? அது என்ன பாட்டு?

முத்தியால்பேட்டை நண்பர்:

நான் பாண்டிக்காரன், அதனால் எதிர்க்கட்சி. பொங்கலுக்கு முந்தைய வாரம் நேரு வீதியில் பாதிப் பேர் கடலூர், விழுப்புரம் ஆட்களாகத்தான் இருப்பார்கள். வாங்குவது பெரிய காரியமில்லை, கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். என் மாமா திருவந்திபுரத்துக்காரர். 21 இன்ச் டிவி வாங்கிப் போர்வை போர்த்தி, அம்பாசடர் பின்சீட்டில் இரண்டு அத்தைகளுக்கு நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். எல்லையில் வரி பார்க்கும் முள்ளோடை செக்போஸ்ட்டில் எட்டிப் பார்த்தவர், "பாட்டிக்கு என்ன உடம்புக்கு?" என்று கேட்டாராம். சின்ன அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் அழுகிற மாதிரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதில் விட்டுவிட்டார்கள்.

ஆறே மாதத்தில் அந்த டிவியில் படம் ஒற்றைக் கோடாக நின்றுவிட்டது. பாண்டிக்குத் திரும்ப யார் தூக்குவது? பாய் கடைக்குத்தான் போனார்கள். பாய் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பாண்டி பாட்டியா?" என்று மட்டும் கேட்டாராம், அதற்குள் கதை ஊருக்கே தெரிந்திருக்கிறது. சரிபண்ணியும் கொடுத்தார்.

2007இல் இரண்டு பக்கமும் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்தது, 2017இல் ஜிஎஸ்டி வந்து எல்லை என்ற பேச்சே இல்லாமல் போனது. இப்போது டிவிக்காக யாரும் பாண்டி வருவதில்லை. எதற்கு வருகிறார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்த ஒருத்தி:

எல்லோரும் உருகுகிறீர்கள், என் அனுபவம் வேறு. என் ஆயா, அதாவது பாட்டி, பாடிய தாலாட்டை அப்பா ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். ஆயா போன பிறகு இன்னொரு பிரதி எடுக்கலாம் என்று அந்தக் கடையில் கொடுத்தோம். கேசட்டின் முதுகில் இருக்கும் அந்தச் சின்னக் காதை உடைத்திருந்தால் ரெகார்டு பட்டன் இறங்கியே இருக்காது, எங்களுக்கு அது தெரியாது. வேலை செய்த பையன் எந்த டெக்கில் எதைப் போட்டானோ, திரும்பி வந்தபோது ஏ சைடு முழுக்கச் சினிமாப் பாட்டு. பாய் எழுந்து நின்று கைகூப்பினார், புது டிடிகே கேசட் ஒரு டஜன் எடுத்து மேசையில் வைத்தார். அப்பா ஒன்றும் பேசாமல் வந்துவிட்டார், டஜனையும் எடுக்கவில்லை. பி சைடில் ஆயா இருமுவதும், "போதுமாடா" என்று கேட்பதும் இருக்கிறது. அவ்வளவுதான் மிஞ்சியது.

அந்தக் கடையில் வேலை பார்த்தவர்:

அக்கா, அந்தப் பையன் நான் இல்லை. நான் 1994இல் சேர்ந்தேன், அந்தக் கதை அதற்கு முந்தையது. ஆனால் நான் சேர்ந்த முதல் நாள் பாய் சொல்லிக்கொடுத்தது ஆம்ப்ளிஃபயரும் இல்லை, சால்டரிங்கும் இல்லை. யார் கேசட் கொடுத்தாலும் முதலில் அந்தக் காதை உடை, அப்புறம்தான் மற்றது. ஏன் என்று அன்று எனக்குத் தெரியாது, உங்கள் பதிவைப் படித்துவிட்டுத்தான் தெரிகிறது.

மஞ்சக்குப்பம் அண்ணன் சொல்வதில் பாதி சரி. பாண்டி அடித்தது உண்மை, ஆனால் விழுந்ததற்கு அதுவே போதாது. பண்ருட்டியிலும் சிதம்பரத்திலும் கிளை திறந்தார், வாடகை, ஆள், வண்டி. கம்பெனிக்காரன் வந்து இத்தனை பெட்டி எடுத்தால் இவ்வளவு தள்ளுபடி என்பான், பாய் கடன் வாங்கிச் சரக்கை இறக்குவார், லாபமே அந்தத் தள்ளுபடிதான், பெட்டி தேங்கினால் வட்டி தின்றுவிடும். 2006இல் அரசு 14 இன்ச் கலர் டிவியை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் ஒன்று வந்தது. ஆனால் சின்ன டிவி வாங்க வரும் கூட்டம் அதோடு நின்றது. மிச்சமிருந்த பெரிய பிக்சர் டியூப் டிவிகளை, தட்டை டிவி விலை இறங்க இறங்க யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தவணைக்கு ஃபைனான்ஸ் கம்பெனிகள் வந்துவிட்டன. பாயின் தவணை ஒரு நீள நோட்டு. நெய்வேலி ஆட்கள் சம்பள நாளில் கட்டிவிடுவார்கள், மற்றவர்கள் லாரன்ஸ் ரோட்டை விட்டு இம்பீரியல் ரோடு வழியாகச் சுற்றிப் போவார்கள்.

பாட்டு கொல்லவில்லை என்பதையும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். முன்பெல்லாம் ஸ்பிரிட் தொட்டு, நாடா உரசிப் போகும் ஹெட்டைத் துடைத்து, சத்தம் மந்தமாக இருந்தால் ஹெட்டின் பக்கத்து ஸ்க்ரூவை முடியளவு திருப்பிக் காதால் சரிசெய்து, ஒரு கேசட்டுக்கு ஒரு மணி நேரம் உட்காருவேன். திடீரென்று ஒரே சிடியில் 150 பாட்டு, அப்புறம் மெமரி கார்டில் ஏற்றித் தருகிறோம் என்று செல்போன் கடைகள். 2013இல் கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் மியூசிக் வேர்ல்டையே மூடினார்கள், அவ்வளவு பெரிய கடை. நாங்கள் எம்மாத்திரம்.

நான் 2008இல் சிங்கப்பூர் போய்விட்டேன். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த 'தானே' புயலில் போர்டு பறந்து கிடங்குக்குள் தண்ணீர் புகுந்தது என்று போனில் சொன்னார்கள். அடுத்த வருஷம் ஷட்டர் இறங்கியது.

அந்தப் பிட்டு: ஹவாயன் கிட்டார். ஸ்பீக்கர் விற்கும்போது போட்டுக் காட்ட பாய் வைத்திருந்த ரெக்கார்டு. அட்டை கிழிந்துபோனதால் பெயர் எங்களுக்கும் தெரியாது.

மஞ்சக்குப்பத்தான்:

தம்பி, ரொம்ப நன்றி. நெய்வேலி அக்கா, அந்த பி சைடைக் கணினியில் ஏற்றி வைத்துவிடுங்கள், நாடா உதிர ஆரம்பித்துவிட்டது, என் பெட்டியைப் பார்த்துத்தான் சொல்கிறேன். என் டெக்கில் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடலூரிலோ பாண்டியிலோ இன்னும் டெக் பெல்ட் மாற்றுகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அக்கா கேசட்டையும் சேர்த்தே செய்துவிடலாம்.