திட்டப் புத்தகம் அலுமாரியிலிருந்து இறங்கிய நாள்

முதற் பகிர்வு (வெள்ளவத்தை)

நிறுவனமொன்றின் மூலோபாயத் திட்டத்தை, அதாவது பல ஆண்டுகளுக்கான இலக்குகளை வகுக்கும் திட்டத்தை, நடைமுறைக்குக் கொண்டுவந்த அனுபவம் யாருக்காவது உண்டா என்று இக்குழுமத்தில் ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார். கொண்டுவர முடியாமல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் திண்டாடிய அனுபவம் எனக்கு உண்டு, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

புறக்கோட்டையில் தலைமையகமும் பேலியகொடையில் களஞ்சியமும் கொண்டு, பொருள்களை இறக்குமதி செய்து கடைகளுக்கு விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில் திட்டமிடற் பிரிவின் உதவி முகாமையாளராக இருந்தேன். 2018ஆம் ஆண்டின் இறுதியில் காலிமுகத்திடலுக்கு அண்மையில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் அமர்ந்து, ஆலோசகர் ஒருவரின் வழிகாட்டலில் ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதி முடித்தோம். முகாமைத்துவ நிபுணர்களான கப்லானும் நோர்ட்டனும் 1992இல் ஹார்வர்ட் பிஸ்னஸ் ரிவியூ சஞ்சிகையில் அறிமுகப்படுத்திய, நிறுவனத்தை நிதியால் மட்டும் அளக்காத பாலன்ஸ்ட் ஸ்கோர்கார்ட் முறைப்படி நிதி, வாடிக்கையாளர், உள்ளகச் செயன்முறை, கற்றலும் வளர்ச்சியும் என நான்கு கோணங்களிலும் இலக்குகள் வகுக்கப்பட்டன. முறையில் குறையில்லை, மதிய உணவும் நன்றாகவே இருந்தது.

2019 ஏப்ரல் முதலாம் திகதி நிதியாண்டு தொடங்கியது. மூன்று வாரங்களில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு. அவற்றைக் காரணம் காட்டி நான் தப்பிக்கலாம். ஆனால் நாடு அமைதியாக இருந்த மாதங்களிலும் காலாண்டு முன்னேற்றப் படிவத்தில் பிரிவுத் தலைவர்கள் எல்லோரும் ‘நடைபெற்று வருகிறது’ என்றே எழுதியனுப்பினார்கள். நானும் அவற்றைத் தொகுத்து, அதே சொல்லைச் சற்றுப் பெரிய எழுத்தில் பணிப்பாளர் சபைக்கு அனுப்பினேன். எது நடைபெற்றது, யார் நடத்தினார் என்று எவரும் கேட்கவில்லை.

2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி தளர்த்தப்பட்டு, இருநூறு ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களுக்குள் முந்நூறைத் தாண்டியபோது, இறக்குமதியை நம்பி எழுதிய வளர்ச்சி இலக்குகள் யாவும் பொருளற்றுப் போயின. சபை அவற்றை ஒவ்வொன்றாக வெட்டியது. கடைசியில் மிஞ்சியது, கடைக்காரரின் கொள்வனவுக் கட்டளை கிடைத்து ஐந்து நாளில் போய்ச் சேரும் பொருளை இரண்டு நாளில் சேர்ப்பிப்பது என்ற ஒரே இலக்கு. அது மிஞ்சியதற்குக் காரணம் அதன் சிறப்பல்ல. டொலர் தேவைப்படாத இலக்கு அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான், திட்டம் எழுதப்பட்டு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளின் பின், நான் முதன்முறையாக அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பேலியகொடைக்குப் போனேன். களஞ்சியப் பொறுப்பாளர் என்னைவிட இருபது வயது மூத்தவர். அவருக்கு அந்தப் பக்கத்தை விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே நிறுத்தினார்.

“தம்பி, சாமான் அண்டைக்கே கட்டி முடிஞ்சிடும். கையெழுத்துக்குத்தான் மூண்டு நாள் கிடக்குது.”

விலைச்சிட்டை ஒவ்வொன்றுக்கும் மூன்று கையெழுத்துகள் வேண்டும்; மூன்றாவது கையெழுத்துக்குரியவர் களஞ்சியத்துக்கு வருவது செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே. இந்தச் சங்கதி களஞ்சியத்தில் எல்லோருக்கும் தெரியும். ஹோட்டலில் அமர்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாங்களோ அதே இலக்குக்காக இரண்டு லொறிகளும் ஒரு மென்பொருளும் வாங்குவதற்குத் திட்டத்தில் பணம் ஒதுக்கியிருந்தோம்.

ஜப்பானிய நிறுவனங்களின் ஹோஷின் கன்ரி முறையில், மேலிருந்து வரும் இலக்கைக் கீழே இருப்பவர் ‘இதற்கு இது தடை, இவ்வளவு வேண்டும்’ என்று திருப்பி அனுப்ப, மேலே இருப்பவர் திருத்தி மீண்டும் அனுப்புவார். பந்தை எறிந்து பிடிப்பது போன்றதென்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆலோசகர் இதையும் ஒரு படத்தில் காட்டியிருந்தார். நாங்கள் பந்தை எறிந்தோமேயன்றித் திரும்பி வருகிறதா என்று பார்க்கவில்லை.

ஐம்பதாயிரம் ரூபாவுக்குக் குறைந்த கட்டளைகளுக்கு மூன்றாவது கையெழுத்து வேண்டாம் என்று முன்மொழிந்தேன். கணக்காளர் கடுமையாக எதிர்த்தார். கணக்காய்வில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இரண்டு வாரம் இழுபறிப்பட்டபின், அத்தகைய விலைச்சிட்டைகளை மாத முடிவில் அவர் மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பார் என்ற உடன்பாட்டுடன் விதி மாறியது. லொறி வாங்கவில்லை. சிறிய கட்டளைகளில் பெரும்பாலானவை மறுநாளே புறப்பட்டன.

இரண்டாம் பகிர்வு (கொட்டாஞ்சேனை)

நான் அரச அலுவலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். எங்களுக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. செயற்றிட்டத்தைத் திட்டமிடற் பிரிவும், கொள்முதல் திட்டத்தைக் கொள்முதல் பிரிவும், செலவு மதிப்பீட்டைக் கணக்குப் பிரிவும் தனித்தனியே தயாரிக்கின்றன; மூன்றையும் ஒருசேர மேசையில் விரித்துப் பார்த்தவர் எவரையும் நான் கண்டதில்லை. முதற் காலாண்டில் நடத்த வேண்டிய பயிற்சிக்கான கணினிகள் மூன்றாம் காலாண்டின் கொள்முதல் பட்டியலில் இருந்தன. ஆண்டு முடிவில் மிஞ்சும் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்பதால் நவம்பர் வந்ததும் செலவழிக்கும் அவசரம் தொற்றிக்கொள்ளும். அப்போது திட்டத்தில் உள்ளதைவிட உடனே வாங்கக்கூடியதே முந்திக்கொள்ளும்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் எங்கள் திட்டம் ஆங்கிலத்தில் சிந்திக்கப்பட்டு, கடைசி வாரத்தில்தான் மொழிபெயர்ப்பாளரிடம் போகிறது. ஆங்கில மூலத்தில் ஐந்தாண்டில் அடைய வேண்டியதற்கு ஒரு சொல், அதற்குள் அடங்கும் சிறு நோக்கங்களுக்கு ஒரு சொல், ஆண்டுக்குரிய எண்ணிக்கைக்கு இன்னொரு சொல் என மூன்று இருந்தன. தமிழ்ப் பிரதியில் மூன்றும் ‘இலக்கு’ என்றே வந்துவிட்டன. வெளிக்கள உத்தியோகத்தர்கள் ஐந்தாண்டு எண்ணிக்கையை அவ்வாண்டுக்குரியதாகப் படித்துப் பதறினார்கள். அதன்பிறகு குறிக்கோள், நோக்கம், இலக்கு என்று பிரித்து முதற் பக்கத்திலேயே விளக்கம் சேர்த்தோம். மொழிபெயர்ப்பாளரையும் முதற் கூட்டத்துக்கே அழைக்கிறோம்.

மூன்றாம் பகிர்வு (பம்பலப்பிட்டி)

எங்களுடையது பழைய மாணவர் சங்கமொன்றின் கொழும்புக் கிளை. சம்பளம் வாங்குவோர் எவருமில்லை. மூன்றாண்டுத் திட்டத்தில் பொறுப்பு என்ற நிரலில் எல்லா வரிகளிலும் ‘செயற்குழு’ என்றே எழுதியிருந்தோம். புதிய செயலாளர் அதை அழித்து ஒவ்வொரு வரிக்கும் ஒருவருடைய பெயரை மட்டும் எழுதச் சொன்னபோது, இருவர் அன்றைய கூட்டத்திலேயே பதவி விலகினார்கள். மனவருத்தம் இன்னும் தீரவில்லை. ஆனால் புலமைப்பரிசில் பணம் அவ்வாண்டு முதன்முறையாகத் தவணை தொடங்குமுன் மாணவர் கைக்குப் போனது.

ஒரு கேள்வி: முதலாமவர் சொன்ன ஐம்பதாயிரம் ரூபா விதியை யாரும் தவறாகப் பயன்படுத்தவில்லையா?

முதலாமவரின் பதில்

பயன்படுத்தினார்கள். மூன்றாம் மாதத்தில் கணக்காளர் மாதிரிக்கு எடுத்த கட்டுக்குள், ஒரே கடைக்கு ஒரே நாளில் தலா நாற்பத்தொன்பதாயிரம் ரூபாவுக்கு நான்கு விலைச்சிட்டைகள் இருந்தன. அவர் அவற்றை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். விதியைக் கைவிடுவார்கள் என்றே எண்ணினேன். அவரே மறுநாள் வந்து, ஒரு கடைக்கு ஒரு நாளின் மொத்தத் தொகையையே கணக்கிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார். கையெழுத்து விதியைப் புதுப்பிக்கும் பொறுப்பு இப்போது அவருடைய பெயரில் இருக்கிறது.