புதுப்பிப்பு: எஸ்எஃப்-95 படிவம் திரும்பி வந்த விவகாரம் தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. நிறுத்தியிருந்த காரை அமெரிக்க மத்திய அரசு வாகனம் ஒன்று இடித்ததற்கு இழப்பீடு கேட்டு அனுப்பிய எஸ்எஃப்-95 (மத்திய அரசிடம் இழப்பீடு கோரும் படிவம்) ஏன் ஏற்கப்படாமல் திரும்பி வந்தது என்பதுதான் நான் கேட்ட கேள்வி.

“மொத்தத் தொகைக் கட்டத்தைப் பாருங்கள்” என்றவர் சொன்னதே சரி. சொத்துச் சேதத்துக்கான 12ஏ கட்டத்தில் 3,840 டாலர் இருந்தது. மொத்தத்துக்கான 12டி-யில் “சுமார் 4,000, கூடலாம்” என்று இருந்தது. திட்டமான ஒரே தொகை இல்லாவிட்டால் கோரிக்கையாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு கட்டத்திலும் 3,840 என்றே எழுதி, மெக்கானிக்குகள் கையெழுத்திட்ட, இனவாரியான இரண்டு மதிப்பீடுகளோடு மறுபடி அனுப்பியதும் முழுத் தொகையும் கிடைத்துவிட்டது.

எதிர்பாராதது நாள் கணக்கு. கோரிக்கை வைப்பதற்கான 2 ஆண்டுக் கெடுவுக்கு, சம்பந்தப்பட்ட அரசுத் துறையின் கையில் படிவம் சேர்ந்த நாள்தான் கணக்கு, தபாலில் போட்ட நாள் அல்ல. அதனால் ஒப்புகை ரசீதோடு அனுப்புங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு 6 மாதம். பதில் வருமுன் அந்த 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால் தள்ளுபடிதான். மறுப்புக் கடிதம் வந்தால் கணக்கு அப்படியே தலைகீழ்: அவர்கள் தபாலில் போட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். அதனால் தபால் முத்திரை உள்ள அந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள்.